இரண்டு முறைக்கு மேல் இல்லை: கடல் கடந்த கினி மக்களின் போராட்டம்



2019 செப்டம்பரில் நியூயார்க் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியின் அன்றைய அதிபர் அல்ஃபா கொண்டே, அங்கு குடியேறி வாழும் தம் நாட்டவரைச் சந்தித்தார். வாக்கெடுப்பு வரப்போகிறது, தேர்தலும் வரப்போகிறது, தயாராக இருங்கள் என்று அவர்களிடம் சொன்னார். எதற்கான வாக்கெடுப்பு என்பது கேட்டவர்களுக்கு விளக்காமலே புரிந்தது. கினியின் அப்போதைய அரசியல் சாசனப்படி ஒருவர் இரண்டு முறைதான் அதிபராக இருக்கலாம். கொண்டேயின் இரண்டாவது முறை அடுத்த ஆண்டோடு முடிகிறது. மூன்றாவது முறைக்குப் புதிய சாசனம் ஒன்று வேண்டும். தலைநகர் கொனாக்ரியில் முறையான அறிவிப்பு டிசம்பரில்தான் வந்தது. கடல் கடந்து வாழ்கிறவர்களுக்கோ மூன்று மாதம் முன்பே தெரிந்துவிட்டது.

அவர்கள் அந்த மூன்று மாதத்தையும் வீணாக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் இந்த மக்கள் யார், ஏன் இத்தனை பேர் நாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

உலகத்தில் பாக்சைட் தாது மிக அதிகமாகப் புதைந்திருக்கும் நாடு கினி. நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்தின் மூலப்பொருள் அது. மண்ணுக்கடியில் இவ்வளவு செல்வம் இருந்தும் அந்த மக்கள் ஏழைகள். 1958 செப்டம்பர் 28 அன்று, பிரான்சின் கீழ் ஒரு சமூகமாக நீடிக்கிறீர்களா என்று பிரெஞ்சுத் தலைவர் டி கால் கேட்டபோது, ஆப்பிரிக்காவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றங்களில் கினி மட்டும்தான் முடியாது என்று வாக்களித்தது. அந்தத் துணிவுக்குத் தலைமை தாங்கிய செக்கூ தூரே, பிறகு 26 ஆண்டுகள் தாமே நாடாக இருந்தார். எதிர்த்தவர்கள் கொனாக்ரியின் போய்ரோ முகாமுக்குப் போனார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளராக இருந்த டியாலோ தெல்லியே அங்கு சோறும் தண்ணீரும் மறுக்கப்பட்டு 1977இல் இறந்தார். எழுத்தாளர் கமரா லாயி டாக்கருக்குத் தப்பிப் போய் அங்கேயே கண்ணை மூடினார். லட்சக்கணக்கானவர்கள் செனகலுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். பின்னர் பெல்ஜியத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 1999இல் நியூயார்க் காவலர்கள் 41 குண்டுகள் சுட்டுக் கொன்ற அமாடு டியாலோவின் பெயர் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். தெருவோரம் பொருள் விற்றுப் பிழைத்த அந்த இளைஞரின் குடும்பம் கினியைச் சேர்ந்தது. நான் பேசப்போகும் போராட்டத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

அல்ஃபா கொண்டேயும் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். என் பேச்சின் மையமே இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். 1938இல் போக்கே ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே பிரான்சுக்குப் படிக்கப் போனார். பிரான்சில் படித்த கறுப்பின ஆப்பிரிக்க மாணவர்களின் கூட்டமைப்பில் 1960களில் தலைவராக இருந்தார். பாரிசில் இருந்துகொண்டே செக்கூ தூரேயின் ஆட்சியை எதிர்த்தார். 1970இல் அந்த ஆட்சி அவர் இல்லாமலே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தது. 1991இல் நாடு திரும்பினார். அப்போது ஆட்சியில் இருந்தவர் லான்சானா கொந்தே என்ற ராணுவத் தளபதி. 1998 தேர்தலில் அவரை எதிர்த்து நின்றதற்காக அல்ஃபா கொண்டேயைப் பிடித்து இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சிறையில் வைத்தார்கள்.

2001 நவம்பரில் லான்சானா ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். இரண்டு முறை என்ற வரம்பு நீங்கியது. பதவிக்காலம் ஏழு ஆண்டானது. 98 சதவீதம் பேர் ஆதரித்தார்கள் என்று அரசு அறிவித்தது. அந்த வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொன்னவர்களில் அல்ஃபா கொண்டேயின் கட்சியும் உண்டு. லான்சானா சாகும்வரை, அதாவது 2008 டிசம்பர் வரை, நாற்காலியை விடவில்லை. அவர் இறந்த மறுநாளே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ராணுவத் தலைவர் டாடிஸ் கமரா, தேர்தலில் நிற்கமாட்டேன் என்று சொன்ன பிறகும் நிற்கப் பார்த்தார். அதை எதிர்த்து 2009 செப்டம்பர் 28 அன்று கொனாக்ரி விளையாட்டரங்கில் கூடிய மக்களைப் படையினர் வாயிலை அடைத்துச் சுட்டார்கள். 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள்.

2010ஆம் ஆண்டின் சாசனம் இந்த ரத்தம் காய்வதற்குள் எழுதப்பட்டது. அதன் 27ஆம் பிரிவு அதிபர் பதவி ஐந்து ஆண்டு என்றும், தொடர்ந்தாயினும் விட்டுவிட்டாயினும் எவரும் இரண்டு முறைக்கு மேல் அதை வகிக்க முடியாது என்றும் சொன்னது. 154ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பதவிக்காலத்தின் எண்ணிக்கையையும் அளவையும் எந்தத் திருத்தமும் தொடக்கூடாது என்று பூட்டுப் போட்டது. அந்தச் சாசனத்தின்கீழ் அதே ஆண்டு நடந்த தேர்தலில் வென்று பதவியேற்றவர் அல்ஃபா கொண்டே. பல பத்தாண்டு எதிர்க்கட்சி வாழ்க்கைக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. பாரிசிலும் பிரஸ்ஸல்ஸிலும் இருந்த பலர் அன்று தங்களில் ஒருவர் அதிபரானார் என்று மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எந்தத் தவறும் இல்லை.

2015இல் இரண்டாவது முறை பதவியேற்ற விழாவிலேயே சாசன நீதிமன்றத் தலைவர் கெலேஃபா சால், சாசனத்தை மாற்றச் சொல்லி மயக்கும் குரல்களுக்குச் செவி கொடுக்காதீர்கள் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொன்னார். 2018இல் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார்கள். 2019 ஜனவரியில் ரஷ்யத் தூதர் தொலைக்காட்சியில் தோன்றி, சாசனம் ஒன்றும் பைபிளோ குர்ஆனோ இல்லை, நிலைமைக்கு ஏற்ப அது மாறலாம் என்று பேசினார். பிற்பாடு அவரே கினியில் பாக்சைட் தோண்டும் ரஷ்ய நிறுவனத்தில் பொறுப்பேற்றார். இதில் யாருக்கு ஆதாயம் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

அந்த ஆண்டு ஏப்ரலில் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் குடிமக்கள் இயக்கங்களும் சேர்ந்து அரசியல் சாசனப் பாதுகாப்புக்கான தேசிய முன்னணியை அமைத்தார்கள். சிவப்புச் சட்டை அதன் அடையாளம். 'அமூலான்ஃபே', நடக்காது என்று சூசூ மொழியில் அவர்கள் முழக்கம். மே மாதம் நீதித்துறை அமைச்சர் செய்க் சாக்கோ, புதிய சாசனத்துக்கு நான் உடன்பட முடியாது என்று பதவியைத் துறந்தார். அவரும் பிரான்சின் மோன்பெலியே நகரில் வழக்கறிஞராக இருந்துவிட்டு நாடு திரும்பியவர். ஒரே அயல்வாழ்விலிருந்து வந்த இருவரில் ஒருவர் சாசனத்தின் பக்கம் நின்றார், மற்றவர் நாற்காலியின் பக்கம் நின்றார்.

வெளிநாட்டில் இருந்தவர்கள் செய்தது என்ன? பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், நியூயார்க் நகரங்களில் முன்னணியின் கிளைகள் தோன்றின. அதிபர் எங்கு பயணம் போனாலும் அவர் தங்கும் இடத்துக்கு வெளியே சிவப்புச் சட்டைகள் நின்றன. இது கண்ணுக்குத் தெரிந்த வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலைதான் முக்கியமானது. கொனாக்ரியில் சுடப்பட்டவர்களின் படங்களும் பெயர்களும் வாட்ஸ்அப் வழியாக வெளியே வந்தன. அவற்றைத் திரட்டி, தேதியும் இடமும் குறித்து வைத்தார்கள். பாரிஸ் வழக்கறிஞர்கள் வில்லியம் பூர்டோனும் வேன்சான் பிராங்கார்தும் முன்னணியின் சார்பில் 2020இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்கள். ஆம்னெஸ்டி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் போன்ற மனித உரிமை அமைப்புகளின் பதிவுகளும் அந்த மாதங்களில் சேர்ந்துகொண்டே வந்தன. ஊரில் ஒரு தாய் தன் மகனைப் புதைத்த மறுவாரம் அவன் பெயர் ஐரோப்பாவில் ஒரு கோப்பில் ஏறியிருந்தது என்றால், அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி கடல் கடந்த கினிக்காரர்.

ஆனால் விலை கொடுத்தவர்கள் ஊரில் இருந்தவர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019 அக்டோபர் 14 அன்று முதல் பெரிய போராட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பே முன்னணியின் ஒருங்கிணைப்பாளர் அப்துரஹ்மான் சானோவையும் தோழர்களையும் பிடித்தார்கள். பத்து நாளில் அவருக்கு ஓராண்டுச் சிறை விதித்தார்கள். 2019 அக்டோபரிலிருந்து 2020 ஜூலை வரை போராட்டங்களில் குறைந்தது 50 பேர் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி பதிவு செய்தது. 2020 மார்ச் 1 அன்று நடக்க இருந்த வாக்கெடுப்பு, வாக்காளர் பட்டியலில் சுமார் 25 லட்சம் பெயர்கள் சரியில்லை என்று வெளியார் சுட்டிக்காட்டியதால் தள்ளிப்போனது. கொரோனா பரவிக்கொண்டிருந்த மார்ச் 22 அன்று, எதிர்க்கட்சிகள் புறக்கணிக்க, அது நடந்தது. அன்றும் தொடர்ந்த நாள்களிலும் தெற்கே என்செரெக்கொரே நகரில் மட்டும் குறைந்தது 32 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 90 சதவீதம் ஆதரவு என்று முடிவு வெளியானது. புதிய சாசனமும் இரண்டு முறைதான் என்றது. ஆனால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று பொருள் கொண்டார்கள். திருத்தக்கூடாது என்று பூட்டுப் போட்ட வீட்டைத் திருத்தவில்லை, இடித்துவிட்டு வேறு வீடு கட்டினோம் என்பதே அவர்கள் வாதம். அக்டோபர் 18 தேர்தலில் கொண்டே வென்றதாக அறிவிப்பு வந்தது. அவருக்கு வயது 82.

இந்த வித்தையைக் கினி கண்டுபிடிக்கவில்லை. 2010 செப்டம்பரில் இலங்கை நாடாளுமன்றம் 18ஆம் திருத்தத்தால் இதே வரம்பை நீக்கியதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். ஆப்பிரிக்காவிலேயே இதற்கு மிகத் தேர்ந்த கை டோகோ நாட்டு ஆட்சியாளர்களுடையது. அங்கு எயாடேமா 1967 முதல் ஆண்டார். 1992இல் மக்கள் போராடி இரண்டு முறை என்ற வரம்பைச் சாசனத்தில் சேர்த்தார்கள். 2003இல் விலகிவிடுவேன் என்று பிரெஞ்சு அதிபர் சிராக்கிடம் 1999இல் அவரே வாக்குக் கொடுத்தார். 2002 டிசம்பரில் வரம்பை நீக்கினார். அதே திருத்தத்தில் இன்னும் இரண்டு மாற்றங்கள் இருந்தன. வேட்பாளருக்கு வேண்டிய குறைந்தபட்ச வயது 45இலிருந்து 35க்கு இறங்கியது. அவர் மகன் ஃபோருக்கு அப்போது 36 வயது. அடுத்தது, வேட்பாளர் கடந்த 12 மாதமாவது நாட்டுக்குள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் கில்கிறிஸ்ட் ஒலிம்பியோ, 1963இல் சுட்டுக்கொல்லப்பட்ட முதல் அதிபரின் மகன், வெளிநாட்டில் தஞ்சம் புகுந்திருந்தார். அந்த நிபந்தனையால் அவர் விலக்கப்பட்டார்.

பாருங்கள், ஒரே ஏட்டில் இரண்டு வேலையும் முடிந்துவிட்டன. ஆள்பவரின் காலத்தை நீட்டியவர்கள், வெளியே இருப்பவரின் உரிமையையும் அங்கேயே வெட்டினார்கள். கடல் கடந்தவரின் குரலுக்கு வலு இல்லை என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வலு இல்லாத ஒன்றைத் தடுக்க எந்த ஆட்சியும் சட்டம் எழுதாது. மகன் ஃபோர் ஆட்சியில் இருந்த 2017 ஆகஸ்டில் டோகோ மக்கள் மறுபடி தெருவுக்கு வந்தபோது இந்த இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கேட்டார்கள்: 1992இன் வரம்பு வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாக்குரிமையும் வேண்டும். செப்டம்பரில் அரசு இணையத்தைத் துண்டித்தது. 'ஃபோர் போகவேண்டும்' என்ற முழக்கத்தைப் பல ஆண்டுகளாக வெளிநாட்டிலிருந்து எடுத்துச் சென்ற ஃபரிதா நபுரேமா போன்ற இளையவர்கள் அந்த நாள்களில் உள்ளூரின் செய்தியை வெளியே கொண்டுபோனார்கள். 2024இல் டோகோ சாசனத்தையே மாற்றி, அதிகாரத்தை அமைச்சரவைத் தலைவர் என்ற பதவிக்கு நகர்த்தியது. அந்தப் பதவிக்கு எத்தனை முறை என்ற வரம்பே இல்லை. 2025 மே மாதம் ஃபோர் அதில் அமர்ந்தார். அடுத்த மாதம் தலைநகர் லோமேயின் தெருக்களில் இளைஞர்கள் இறந்தார்கள். எல்லாம் வெளிநாட்டிலிருந்து தூண்டப்பட்டது என்று அரசு சொன்னது.

எல்லா முயற்சியையும் நான் பாராட்டப் போவதில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஜோசப் கபிலா தம் காலம் முடிந்தும், தேர்தலை நடத்தாமலே 2016இலிருந்து இரண்டாண்டு கூடுதலாக இருந்தார். அந்நாட்டுச் சாசனத்தின் 220ஆம் பிரிவும் கினியின் 154 போலவே வரம்பைத் தொடக்கூடாது என்றது. பிரஸ்ஸல்ஸின் மத்தோங்கே பகுதியிலும் பாரிசிலும் இருந்த காங்கோக்காரர்களில் ஒரு பிரிவினர், தங்களைப் போராளிகள் என்று அழைத்துக்கொண்டவர்கள், ஆட்சியைப் புகழ்ந்து பாடியதாகச் சொல்லப்பட்ட பாடகர்களின் கச்சேரிகளை ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நடக்கவிடவில்லை. மக்களின் கோபம் புரிகிறது. ஆனால் 2020 பிப்ரவரியில், கபிலா பதவி விலகி ஓராண்டுக்குப் பிறகும், ஃபாலி இபுபாவின் பாரிஸ் கச்சேரியன்று அந்நகரின் லியோன் ரயில் நிலையத்தருகே வண்டிகளைக் கொளுத்தினார்கள். அன்றைய புகை எந்தச் சாசனத்தையும் காப்பாற்றவில்லை. வெளிநாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பை அச்சுறுத்தலுக்குப் பயன்படுத்தினால், அதன் பழி ஊரில் அமைதியாகப் போராடுகிறவன் தலையில் விழுகிறது.

காங்கோவில் இதைவிடக் கனமான பாடம் ஒன்று உண்டு. கபிலாவுக்குப் பிறகு வந்தவர் ஃபெலிக்ஸ் சிசெக்கெடி. பிரஸ்ஸல்ஸில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவர் தந்தை எத்தியேன், காங்கோ எதிர்க்கட்சிகளின் மூத்த தலைவர், 2017இல் பிரஸ்ஸல்ஸில்தான் இறந்தார். 2024 அக்டோபரில் இதே ஃபெலிக்ஸ், தற்போதைய சாசனம் வெளிநாட்டில் அந்நியர் துணையோடு எழுதப்பட்டது, புதியது எழுதக் குழு அமைக்கப்போகிறேன் என்று கிசங்கானி நகரில் அறிவித்தார். ஃபெலிக்ஸின் கட்சியோ, கபிலாவின் காலத்தில் 220ஆம் பிரிவைக் கட்டிக் காத்தவர்களின் கட்சி.

கொண்டேயையும் சிசெக்கெடியையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். கடல் கடந்தவர்களின் இயக்கம் பெரும்பாலும் ஓர் ஆளை எதிர்த்துத் தொடங்குகிறது. அந்த ஆள் போனதும் கலைந்துவிடுகிறது. அடுத்து வருபவர் நம் தோழர், நம் ஊர்க்காரர், நம் மொழிக்காரர் என்றால் வாய் மூடிக்கொள்கிறது. கினியில் இந்த நோய் கண்கூடாக இருந்தது. கொண்டேயின் கட்சிக்கு மலிங்கே மக்களிடமும், எதிர்த்தரப்பின் செல்லு டாலேன் டியாலோவுக்கு ஃபுலா மக்களிடமும் பெரும் ஆதரவு. வெளிநாட்டுச் சங்கங்களும் அதே கோட்டில் பிரிந்தன. மூன்றாவது முறையை ஆதரித்தும் கூட்டங்கள் நடந்தன. 2001இல் லான்சானா வரம்பை நீக்கியபோது தவறாக இருந்த ஒன்று, 2020இல் கொண்டே அதை மீறும்போது சரியாகிவிடுமா? 27ஆம் பிரிவைக் காக்கிறேன் என்பவர், தம் தலைவர் அதைத் தொடும் நாளில்தான் தேர்வு எழுதுகிறார்.

செனகல் இதில் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2011 ஜூன் 23 அன்று அதிபர் வாட் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை எதிர்த்து டாக்கர் நகரமே திரண்டது. என் சாசனத்தைத் தொடாதே என்பதுதான் முழக்கம். ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து நடத்திய 'யானாமார்' இயக்கம் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தது. 2012இல் வாட் மூன்றாவது முறை நின்றார். தோற்றார். வென்ற மாக்கி சால், தம் முறை வந்தபோது மூன்றாவது முறை உண்டா இல்லையா என்று நெடுநாள் சொல்லாமல் இருந்தார். 2023 ஜூலையில் நிற்கமாட்டேன் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024இல் தேர்தலைத் தள்ளிப்போட்டபோதும் சாசன மன்றம் அதை ரத்து செய்தது. மக்கள் ஆளைப் பார்க்காமல் விதியைப் பார்த்தார்கள். வெளிநாட்டில் வாழும் செனகல்காரர்களுக்கு வாக்குரிமை உண்டு, 2017 முதல் நாடாளுமன்றத்தில் 15 இடங்களும் உண்டு. தங்களுக்கென்று வாக்குச்சீட்டு இருப்பவர்கள் கச்சேரியை நிறுத்தத் தேவையில்லை.

இனி கினிக்குத் திரும்புகிறேன். 2021 செப்டம்பர் 5 அன்று சிறப்புப் படைத் தளபதி மமாடி தும்புயா கொண்டேயைப் பிடித்துவைத்து ஆட்சியைக் கைப்பற்றினார். கொனாக்ரித் தெருக்களில் மக்கள் கைதட்டினார்கள். வாக்குச்சீட்டால் இறக்க முடியாத ஒருவரைத் துப்பாக்கி இறக்கும்போது மக்கள் கைதட்டத்தான் செய்வார்கள். 2010 பிப்ரவரியில் நைஜர் நாட்டிலும் அதிபர் தாஞ்சா இதே போல் காலத்தை நீட்டி, இதே போல் ராணுவத்திடம் ஆட்சியை இழந்தார். வரம்பை மீறும் தலைவர் ராணுவத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்.

முன்னணியின் தலைவர்கள் கைதட்டலில் மயங்கவில்லை. புதிய ஆட்சியாளர்களில் எவரும் தேர்தலில் நிற்கக்கூடாது என்று இடைக்காலச் சாசனம் எழுதியிருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்று என்று தும்புயாவிடமும் அதே குரலில் கேட்டார்கள். நான் அவர்களை மதிப்பதற்கு இதுவே காரணம். 2022 ஆகஸ்டில் முன்னணியைக் கலைத்து அரசு உத்தரவிட்டது. தலைவர்கள் சிலர் நாட்டைவிட்டு வெளியேறி, கடல் கடந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். செல்லு டாலேன் டியாலோவும் வெளியே இருக்கிறார். அல்ஃபா கொண்டே துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தார். 2025 செப்டம்பர் 21 அன்று இன்னொரு வாக்கெடுப்பு, இன்னொரு சாசனம். பதவிக்காலம் ஏழு ஆண்டு. தும்புயா நிற்கத் தடை நீங்கியது. டிசம்பர் 28 தேர்தலில் அவர் வென்றார்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்கு உறவினர் யாரேனும் வெளிநாட்டில் இருப்பார்கள். சிலர் நீங்களே அங்கிருந்து விடுமுறைக்கு வந்திருக்கலாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2024 ஜூலை 9 இரவு, முன்னணியின் தலைவர்களில் ஒருவரான உமர் சில்லாவையும் (ஃபோனிக்கே மெங்கே என்றே மக்கள் அவரை அறிவார்கள்) அவர் தோழர் மமாடு பில்லோ பாவையும் கொனாக்ரியில் ஒரு வீட்டிலிருந்து ஆயுதம் ஏந்தியவர்கள் தூக்கிச் சென்றார்கள். எங்கள் கையில் அவர்கள் இல்லை என்று அரசு சொன்னது. கொண்டேயின் சிறையிலும் இருந்தவர் ஃபோனிக்கே மெங்கே. இரண்டு ஆட்சியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டவர். அவர்களின் குடும்பங்களுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. கினிக்காரர் ஒருவரை எங்கு சந்தித்தாலும் இவ்விருவரையும் பற்றிக் கேளுங்கள். நீங்கள் வாழும் நாட்டின் பிரதிநிதிகளுக்கு எழுதும்போது இந்தப் பெயர்களைச் சேர்த்து எழுதுங்கள். பாரிசிலும் பிரஸ்ஸல்ஸிலும் சிவப்புச் சட்டை அணிந்தவர்கள் இன்று கேட்பது இதைத்தான்.